வலுவுக்கு முன் குளிர்ச்சி

கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் பி-வரிசை டீசல் இன்ஜின் 1989-ல் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியில் வந்தபோது அதன் திறன் 160 குதிரைத்திறன். அதே குடும்பத்து இன்ஜின், 1993-ல் தொடங்கிய டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் வழியாக ஜாம்ஷெட்பூரில் தயாராகி, நம் சாலைகளில் ஓடும் டாடா 2515 லாரியில் ஏறியபோது சுமார் 150. வண்டியின் பெயரிலேயே அது இருக்கிறது: முதல் இரண்டு எண்கள் 25 டன்னையும், அடுத்த இரண்டு எண்கள் 150 குதிரைத்திறனையும் குறிக்கும். படகுகளுக்காக அதே 5.9 லிட்டரில் செய்யப்பட்ட வகை ஒன்றோ 370 குதிரைத்திறன் தந்தது. சிலிண்டர்கள் ஆறு, அவற்றின் கொள்ளளவும் ஒன்றே. பிறகு எங்கிருந்து வந்தது இரு மடங்குக்கும் மேலான இந்த வித்தியாசம்? டர்போ, பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் பெரியவை என்பது பாதி பதில். மீதிப் பாதி, படகைச் சுற்றியிருக்கும் தண்ணீர். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றையும், இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்டையும் அங்கே கடல் நீரை இழுத்தே குளிர்விக்கலாம். தவிர, அந்த 370 என்ற எண் முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மீதி நேரம் நிதானமாகப் போகும் படகுகளுக்கு வகுக்கப்பட்டது. 25 டன் எடையோடு சித்திரை வெயிலில் மணிக்கணக்காக உழைக்கும் லாரிக்கு அந்த எண்ணைக் கொடுக்கப் பொறுப்புள்ள எந்தப் பொறியாளரும் துணிய மாட்டார்.

டீசல் லாரியின் இன்ஜினுக்குக் கூடுதல் வலு தர நினைப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இந்த மூன்று எண்களுக்குள் இருக்கிறது. ஓர் இன்ஜின் எவ்வளவு சக்தி தரும் என்பதை அதன் இரும்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சக்தியோடு சேர்ந்து பிறக்கும் வெப்பம் எந்த வழியே வெளியேறுகிறது, அந்த வழி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதனால் வெப்பத்தின் வழியைச் சீர்செய்வது முதல் வேலையாகவும், குதிரைத்திறனைக் கூட்டுவது இரண்டாவது வேலையாகவும் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கப் பிக்கப் வண்டிக்காரர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் கைக்காசைச் செலவழித்துப் பெற்ற அனுபவமே போதுமான சாட்சி.

முதலில், டீசல் இன்ஜினில் சக்தியைக் கூட்டுவது ஏன் இவ்வளவு எளிதாகத் தோன்றுகிறது என்று பார்க்கலாம். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கலந்தாக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றதையும் கூட்ட வேண்டும். டீசலில் அந்தக் கட்டாயம் இல்லை. சிலிண்டருக்குள் காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மாறுவது தெளிக்கப்படும் டீசலின் அளவு. ஆகவே பம்பில் ஒரு திருகைத் திருப்பியோ, கணினிக் கட்டுப்பாட்டு வண்டியாக இருந்தால் புது மென்பொருளை ஏற்றியோ டீசலைக் கூட்டிவிட்டால், அன்றைக்கே இழுவை கூடிவிடும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் சிலிண்டருக்குள் கிடைக்கும் நொடிப்பொழுதில் காற்றும் டீசலும் முழுமையாகக் கலப்பதில்லை. எனவே நடைமுறையில் 18, 20 கிலோவுக்குக் கீழே போனாலே கரும்புகை தள்ளத் தொடங்கும். விறகை நிறைய திணித்துவிட்டு ஊதாமல் விட்ட அடுப்பைப் போலத்தான். அந்தக் கரும்புகையை வலுவின் அடையாளமாகக் கொண்டாடுபவர்கள் அமெரிக்காவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. உண்மையில் அது காசு கொடுத்து வாங்கிய டீசல், வேலை செய்யாமல் வெளியேறும் காட்சி. அதைவிடக் கெடுதல், காற்று குறைவாகவும் டீசல் அதிகமாகவும் எரியும்போது வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும் என்பது.

நல்ல டீசல் இன்ஜினில்கூட எரிபொருளின் ஆற்றலில் சுமார் 40 சதவீதமே கிராங்க் தண்டுக்கு வந்து சேர்கிறது. மீதியில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகவும், மற்றது கூலன்ட், ஆயில் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. அதாவது சக்கரத்துக்குக் கூடுதலாக 100 குதிரைத்திறன் வேண்டுமென்றால், அதைவிட அதிகமான அளவு வெப்பத்தையும் எங்கோ கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவை. தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், கலவைகள் அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயில் பீய்ச்சி அடிக்கப்படுவதாலும், ஒவ்வொரு சுற்றிலும் புதுக்காற்று உள்ளே வருவதாலும்தான் எரியும் வாயுவுக்கு நடுவே அது உயிர் பிழைத்திருக்கிறது. டர்போவுக்கு முன்னால் வாயுவின் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டர் என்ற கருவியை அமெரிக்க பிக்கப் வண்டிக்காரர்கள் பொருத்திக்கொள்வது இதனால்தான். தொடர்ந்து இழுக்கும்போது 1250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 680 டிகிரி செல்சியஸ் என்ற அளவைத் தாண்ட விடக்கூடாது என்பது அவர்களிடையே பரவலாக உள்ள நடைமுறை. அந்த முள் சிவப்புக்குப் போனால் காலை எடுக்க வேண்டும். காலை எடுக்காமல் போனால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும்.

தொழிற்சாலை இந்தக் கணக்கை எப்படிப் போட்டது என்பதற்கு டாட்ஜ் வண்டியே ஒரு சான்று. 1989-ல் வந்த முதல் வண்டிகளில் இன்டர்கூலர் கிடையாது. 1991-ம் ஆண்டின் நடுவில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேர்த்தார்கள். ஆனால் திறனை 160-லேயே வைத்திருந்தார்கள். குளிர்ச்சி கூடியது, குதிரைத்திறன் கூடவில்லை. அடுத்த தலைமுறையில் பம்பை மாற்றிய பிறகுதான் எண் ஏறத் தொடங்கியது.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் இன்ஜினைவிடச் சிறந்த பாடம் இல்லை. நாவிஸ்டார் நிறுவனம் ஃபோர்டுக்காகச் செய்துகொடுத்த வி-8 டீசல் இன்ஜின் இது. உழைப்புக்குப் பெயர்பெற்ற 7.3 லிட்டர் இன்ஜினுக்குப் பதிலாக, கடுமையாகிக்கொண்டிருந்த அமெரிக்கப் புகை விதிகளை மனத்தில் வைத்து, 2003 மாடல் வண்டிகளில் வந்தது. அளவில் சிறியது, ஆனால் 325 குதிரைத்திறன், 560 பவுண்டு-அடி முறுக்குவிசை. புகையைக் குறைக்க, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடி சிலிண்டருக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பும் அதில் இருந்தது. சில ஆண்டுகளிலேயே ஹெட் கேஸ்கெட் போனது, கூலன்ட் குறைந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று வண்டிகள் வரிசையாகப் பட்டறைக்கு வந்தன. வாரன்டிச் செலவு யார் தலையில் என்பதில் ஃபோர்டும் நாவிஸ்டாரும் 2007-ல் நீதிமன்றம் வரை போய், 2009 ஜனவரியில் சமரசம் செய்துகொண்டார்கள். 2011 மாடலிலிருந்து பிக்கப் வண்டிகளுக்கான டீசல் இன்ஜினை ஃபோர்டு தானே வடிவமைக்கத் தொடங்கியது.

இந்த இன்ஜினைப் பற்றி ஊரறிந்த தீர்ப்பு ஒன்று உண்டு: ஹெட் போல்ட் பலவீனம். சிலிண்டர் ஒன்றைச் சுற்றி நான்கு பெரிய போல்ட்டுகள்தான். அவையும் ஒருமுறை நீட்டி முறுக்கி இறுக்கியபின் மறுபடி பயன்படுத்த முடியாத வகை. எனவே அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு உயர்ரக எஃகு ஸ்டட் போட்டால் நோய் தீர்ந்தது என்று ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். அந்த வேலைக்காகப் பட்டறைகளில் வண்டியின் கேபினையே சேசிஸிலிருந்து தூக்கி நிறுத்துவது வழக்கமானது. அவ்வளவு இடுக்கான இடம், அவ்வளவு கூலி. ஆனால் ஸ்டட் போட்ட வண்டிகளிலும் சிலவற்றில் கூலன்ட் மறுபடி குறைந்தது. காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால்தான் கதை விளங்கும்.

இந்த இன்ஜினில் ஆயில் கூலர், வி வடிவ சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்திருக்கிறது. மெல்லிய தகடுகளுக்கு இடையே ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட் ஓடும். கூலன்ட் போகும் இடைவெளி மிகக் குறுகலானது. வார்ப்பில் மிஞ்சிய மணல், கூலன்டிலிருந்து பிரிந்து படியும் சிலிகேட் பிசின் ஆகியவை அந்த இடுக்குகளை மெல்ல மெல்ல அடைத்தன. ஆயில் கூலரைத் தாண்டி வரும் கூலன்ட்தான் இ.ஜி.ஆர். கூலருக்கும் போயாக வேண்டும். முன்னது அடைபட்டால் பின்னது பட்டினி கிடக்கும். ஒரு பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் புகை, மறுபக்கம் போதிய கூலன்ட் இல்லை. உள்ளே இருக்கும் கொஞ்சம் கூலன்ட் கொதித்து ஆவியாகும், உலோகம் விரிந்து சுருங்கி வெடிக்கும். வெடித்த வழியே கூலன்ட் சிலிண்டருக்குள் போகும். அங்கே அது ஆவியாகி அழுத்தம் எகிறும்போதுதான் ஹெட் மேலே தூக்கப்படுகிறது, போல்ட் நீள்கிறது, கேஸ்கெட் போகிறது. போல்ட் முதல் குற்றவாளி அல்ல. வரிசையில் கடைசியாக அடிபட்டது. அதை மட்டும் மாற்றியவர்கள் விலை உயர்ந்த எஃகைப் போட்டு, அடைபட்ட கூலரை அப்படியே விட்டுவைத்தார்கள்.

இந்தக் கோளாறைப் பெரிய செலவில்லாமல் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடியும். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆயில் வெப்பம், கூலன்ட் வெப்பம் இரண்டையும் வண்டியின் கணினியே அளந்துகொண்டிருக்கிறது. ஒரு சிறு திரையைச் செருகினால் படிக்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின், சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஆயிலின் வெப்பம் கூலன்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதிகமாக இருந்தால் ஆயில் கூலர் அடைபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கூலன்ட் டப்பாவின் மூடியைச் சுற்றி வெள்ளைப் படிவு, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெண்புகை ஆகியவை அதற்கடுத்த அறிகுறிகள். அவை தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

அதே இன்ஜினில் மின்சாரப் பக்கத்துக் கதையும் இதே போன்றதுதான். இன்ஜெக்டர்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, வண்டியின் 12 வோல்ட்டை 48 வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளில் ஒன்று தளர்ந்தாலும், ஆல்டர்னேட்டர் மந்தமானாலும், அந்தப் பெட்டி தன் சக்திக்கு மீறி உழைத்துக் கெடுகிறது. வோல்ட் 45-க்குக் கீழே விழுந்தால் இன்ஜெக்டர் ஒழுங்காகத் திறப்பதில்லை. இன்ஜெக்டருக்கு வரும் டீசலின் அழுத்தமும் ஒரு சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டுக்குக் கீழே போகக்கூடாது. அதைத் தாங்கிப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக வந்த, நீல ஸ்பிரிங் என்று பட்டறைகளில் அறியப்படும் மாற்றுப் பாகம் மிக மலிவானது. எட்டு இன்ஜெக்டர்களை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஸ்பிரிங்கின் விலை ஒரு பொருட்டே இல்லை. நல்ல பேட்டரி, ஒரு ஸ்பிரிங், புது ஆயில் கூலர், சுத்தமான கூலன்ட், தகட்டு வகைக்குப் பதிலாக உருக்குக் குழாய்களால் செய்த உறுதியான இ.ஜி.ஆர். கூலர், இவற்றுக்குப் பிறகு ஸ்டட். இந்த வரிசையில் வேலை செய்யப்பட்ட 6.0 இன்ஜின்கள் லட்சக்கணக்கான மைல்கள் ஓடுகின்றன. அந்த இன்ஜினை விரும்புகிறவர்களும் அதனால்தான் இன்னும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இ.ஜி.ஆர். அமைப்பே இல்லாவிட்டால் அதன் கூலர் வெடிக்கும் பிரச்சினையே இல்லையே? அதைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன? புகை வடிகட்டியையும் சேர்த்து நீக்கினால் இன்ஜின் தடையில்லாமல் மூச்சுவிடுமே? இந்தக் கேள்வியில் உண்மையின் ஒரு துண்டு இருப்பதை மறுக்க முடியாது. இ.ஜி.ஆர். இன்ஜினுக்குள் கரியைக் கொண்டுவருகிறது, வெப்பத்தைக் கூட்டுகிறது, கோளாறு வரக்கூடிய ஒரு பாகத்தைச் சேர்க்கிறது. ஆனால் 6.0-ல் மூலக்காரணம் அடைபட்ட ஆயில் கூலர். இ.ஜி.ஆரைக் கழற்றினாலும் அந்த அடைப்பு அப்படியே இருக்கும். சூடேறிய ஆயில் இன்ஜெக்டர்களையும் டர்போவையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். கழற்றியவர் நோயைக் குணமாக்கவில்லை, அறிகுறி சொல்லும் பாகத்தை நீக்கினார். அடுத்தது, அந்த அமைப்பு எதற்காக இருக்கிறது என்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கழற்றப்பட்டிருந்தன. அதனால் அந்த வண்டிகளின் ஆயுளில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன்னுக்கு மேல். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும் நஞ்சு அது. கழற்றுவது அங்கே சட்டத்துக்குப் புறம்பானது, அதற்கான கருவியை விற்பதும் அப்படியே. தயாரிப்பாளர்களும் தப்பவில்லை. 2013 முதல் 2023 வரையிலான ராம் வண்டிகளின் டீசல் இன்ஜின்கள் தொடர்பாக, கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. இவ்வளவு பெரிய விலையைப் பிறர் தலையில் கட்டிப் பெறும் வலுவை மேம்பாடு என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உறுதியான கூலர் என்ற மாற்று வழி கையிலேயே இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். தயாரிப்பாளர்கள் இன்ஜினின் உண்மையான வலுவைப் பூட்டிவைத்து, அடுத்த மாடலில் கொஞ்சம், அதற்கடுத்ததில் கொஞ்சம் என்று விற்கிறார்கள். நாம் அந்தப் பூட்டைத் திறக்கிறோம், அவ்வளவுதானே என்பது அது. 1996 முதல் 1998 வரையிலான டாட்ஜ் வண்டிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. ஒரே 12-வால்வ் கம்மின்ஸ் இன்ஜின், கையால் கியர் போடும் வண்டியில் 215 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டியில் 180. பூட்டு இருந்தது உண்மை. ஆனால் அது எதைக் காப்பாற்றப் போட்ட பூட்டு? இன்ஜின் தாங்கும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் போட்டது. அந்தப் பூட்டைத் திறந்தவர்களில் பலர் கியர்பாக்ஸைக் கழற்றி வைத்துக்கொண்டு அதை உணர்ந்தார்கள். 6.0 இன்ஜினும் ஃபோர்டின் வேன்களில், ஆம்புலன்ஸ்களில் 235 குதிரைத்திறனுக்கே அமைக்கப்பட்டது. பிக்கப்பைவிடக் காற்றோட்டம் குறைந்த, மூக்கு குட்டையான அந்த வண்டிகளுக்கு 325-ஐக் கொடுக்கவில்லை. மிச்சம் வைக்கப்பட்ட திறன் வீணாகக் கிடக்கும் சொத்தல்ல. வெயில், மேடு, பழைய கூலன்ட், தேய்ந்த பாகம், கவனிக்காத உரிமையாளர் எல்லாவற்றுக்குமான ஈடு அது. அதில் ஒரு பங்கை எடுத்துச் செலவழிக்கலாம். ஆனால் அந்தப் பங்கை இந்த ஆபத்துகளில் எதைக் குறைத்து ஈடுகட்டுகிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கம்மின்ஸ் ரசிகர்கள் இந்த இடத்தில் தங்கள் இன்ஜின் எதையும் தாங்கும் என்பார்கள். அந்தப் பெருமைக்கு அடிப்படை இருக்கிறது. நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், ஏழு மெயின் பேரிங், பெல்ட்டோ செயினோ இல்லாமல் கியரால் ஓடும் கேம் தண்டு, அரை டன் எடை. ஆனால் அதற்கும் ஓர் உயிர்நிலை இருந்தது. முன்பக்கக் கியர் உறையை பிளாக்கோடு நேர்ப்படுத்தும் சிறு எஃகு ஊசி ஒன்று அதிர்வில் நகர்ந்து, வெளியே விழுந்து, ஓடும் கியர்களுக்கு நடுவே சிக்கி உறையையே உடைத்துவிடும். கொலைகார ஊசி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். தீர்வு, அருகில் உள்ள போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டை வைத்து அந்த ஊசி நகராமல் தடுப்பது. 1998-ன் நடுவில் வந்த 24-வால்வ் வகையில் வேறு சிக்கல். அதன் பம்ப் தன் வழியே ஓடும் டீசலாலேயே குளிர்ந்து, அதனாலேயே மசகும் பெறுவது. டேங்கிலிருந்து டீசலை ஏற்றும் சிறு மின்பம்ப் தளர்ந்தால், விலை உயர்ந்த பெரிய பம்ப் பட்டினியில் கருகும். புதுப் பம்ப் வாங்கிப் போட்டவர்கள், தளர்ந்த மின்பம்பை மாற்றாததால் அதையும் இழந்தார்கள். எதையும் தாங்கும் என்று பெயரெடுத்த இன்ஜினிலும், சக்தியைக் கூட்டுவதற்கு முன் செய்யவேண்டியவை ஒரு தகடும் ஓர் அழுத்தமானியும்தான்.

அப்படியானால் வலுவைக் கூட்டவே கூடாதா என்றால், கூட்டலாம்; 5.9 இன்ஜினில் அதற்கு இடமும் நிறைய உண்டு. குளிர்விக்கும் அமைப்பு முழுத் திறனோடு இருக்கிறது, அளவுமானிகள் பொருத்தியாயிற்று என்ற நிலையில் முதலில் காற்றைக் கூட்ட வேண்டும்: அடைப்பில்லாத ஏர் ஃபில்டர், கசிவில்லாத குழாய்கள், பெரிய இன்டர்கூலர், வேலைக்குப் பொருத்தமான டர்போ. காற்று கூடினால், அதே அளவு டீசலுக்கு வாயுவின் வெப்பம் குறையும். அப்படிக் குறைந்த வெப்பம்தான் நாம் செலவழிக்கக்கூடிய மூலதனம். அதற்குப் பிறகு டீசலை மிதமாகக் கூட்டலாம். இங்கே டர்போவின் அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. மிகப் பெரிய டர்போ காகிதத்தில் அதிகக் குதிரைத்திறன் காட்டும், ஆனால் குறைந்த சுழற்சியில் அது விழித்துக்கொள்ளாது. பாரம் இழுக்கும் வண்டிக்கு வேண்டியது 1500, 2000 சுழற்சியில் கிடைக்கும் இழுவை. பந்தயத்துக்கான டர்போவைப் போட்ட லாரி, மேட்டில் கியரை இறக்கிக்கொண்டு, புகை தள்ளிக்கொண்டு, முன்பைவிடச் சூடாக ஓடும். வலு கூடினால் பலவீனம் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. கிளட்ச் முதலில் நழுவும், அதை மாற்றினால் கியர்பாக்ஸ், அதையும் மாற்றினால் ஆக்சில். எங்கே நிறுத்துவது என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

செலவைச் சுட்டிக்காட்டி ஒருவர் கேட்கலாம்: இத்தனை வேலையும் செய்வதற்குப் பதில் வேறு வண்டி வாங்கிவிடலாமே? சில நேரங்களில் அதுவே சரி. சேசிஸ் துருப்பிடித்து, கியர்பாக்ஸ் தேய்ந்த வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பது நட்டம். ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி, புதிதாக எதையும் சேர்க்கும் செலவல்ல. ஏற்கெனவே இருக்கும் அமைப்பைக் கழுவி, அளந்து, தளர்ந்ததை மாற்றும் செலவு. வண்டியை விற்றாலும் அது வீணாகாது.

நம் ஊர் லாரிகளுக்கு இதில் என்ன இருக்கிறது? பிக்கப்பில் 600 குதிரைத்திறன் ஏற்றும் பொழுதுபோக்கு நம்முடையதல்ல. ஆனால் பம்பைக் கூட்டிவைக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. 150 குதிரைத்திறன் லாரியில் அனுமதித்ததைவிட அதிகம் ஏற்றிவிட்டு, மேட்டில் திணறுகிறது என்று டீசலைக் கூட்டச் சொல்வதும் உண்டு. அப்போது ரேடியேட்டர் அதே பழைய ரேடியேட்டர். அதில் ஊற்றுவது பல வண்டிகளில் கூலன்ட்கூட அல்ல, போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஓடும் கூலரில் படிவது, 6.0 இன்ஜினின் ஆயில் கூலரில் படிந்ததற்கு நெருங்கிய உறவு. தமிழ்நாட்டு லாரி உரிமையாளர் ஒருவர் இன்ஜினுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு, முறையாகக் கலந்த கூலன்ட், கழுவிய ரேடியேட்டர், வேலை செய்யும் ஃபேன், உண்மை சொல்லும் டெம்பரேச்சர் மீட்டர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளில், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பை ஏமாற்றும் மாற்றங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு தடுக்கிறது என்பது ஒரு காரணம். வாயுவின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அந்த வண்டியின் கணினி பல உணரிகளால் பார்த்துக்கொண்டிருப்பதால், அதை ஏமாற்றும் மென்பொருள் இன்ஜினின் காவல்காரனையே கண்கட்டி விடுகிறது என்பது இன்னொன்று.

மேடேறுவதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் லாரிக்காரர்களின் உயிரைப் பறிக்கும் ஆபத்து இறக்கத்திலும் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் நடந்திருக்கும் விபத்துகள் பல, பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதால் வந்தவை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவதும், சூடேறிய பிரேக் டிரம் பிடிமானத்தை இழப்பதும் அங்கே சேர்ந்துகொள்கின்றன. இன்ஜினை வலுப்படுத்துவதில் இழுக்கும் வலு ஒரு பக்கம் என்றால் தடுக்கும் வலு மறுபக்கம். எக்ஸாஸ்ட் பிரேக், வெளியேறும் வாயுவைத் தடுத்து இன்ஜினையே பிரேக்காக மாற்றுகிறது; சக்கர பிரேக்குகள் குளிர்ந்திருக்க விடுகிறது. 12-வால்வ் கம்மின்ஸில் அதைப் பொருத்தும் அமெரிக்க மெக்கானிக்குகள் கூடவே வால்வ் ஸ்பிரிங்குகளையும் கடினமானவையாக மாற்றுகிறார்கள். இல்லாவிட்டால் தேங்கிய வாயுவின் அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வைத் தானாகத் திறந்துவிடும். குதிரைத்திறன் கணக்கில் அந்த ஸ்பிரிங் ஒன்றையும் கூட்டுவதில்லை. 25 டன்னோடு கணவாயின் உச்சியைத் தொட்ட லாரி, கியரைக் குறைத்துப் போட்டு, பிரேக் மிதியில் காலை அழுத்தாமல் அடிவாரம் வரை இறங்க அது உதவுகிறது.